சேலையோடு ஃபுட்பால்: நம்ம டெல்டா ஊரில் ஒரு பெண்கள் மேட்ச் நடத்துவது எப்படி

ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்குக் கபடி, வாலிபால், ஸ்லோ சைக்கிள், வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், அப்புறம் எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடப்பது. ஏன் இப்படி என்று விழாக் குழுவைக் கேட்டால், "சேலை கட்டிக்கிட்டு எப்படிம்மா ஓடுவாங்க?" என்பார்கள். நாற்று பறிக்க, நட, களை எடுக்க, கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் வேகவேகமாக நடக்க, எல்லாவற்றுக்கும் அதே சேலைதான். அப்போதெல்லாம் இந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, புலம்பல் போதும். சேலையோடு ஃபுட்பால் ஆட என்ன செய்ய வேண்டும், எப்படிக் கட்டினால் அவிழாது, எங்கே ஆடுவது, எந்த மாதம், யாரைக் கூப்பிடுவது, என்ன விதி வைப்பது, இதெல்லாம்தான் கீழே. கபடி இருக்க ஃபுட்பால் எதற்கு என்று கேட்பீர்கள், அதற்கும் வருகிறேன்.

முதலில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பெண்களைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் வாதம் வந்தால் கை கொடுக்கும். பொலிவியாவில் அய்மாரா, கெச்சுவா இனப் பெண்கள் கட்டும் பாவாடைக்குப் பொயெரா என்று பெயர். மீட்டர் கணக்கில் துணி எடுத்து, இடுப்பிலிருந்து அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்துத் தைத்தது. அதற்கு உள்ளே இன்னும் சில உள்பாவாடைகள், தோளில் சால்வை, தலையில் வட்டத் தொப்பி, முதுகில் இரட்டைப் பின்னல். ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்கள் மேல் சுமத்தப்பட்ட உடை அது, பிறகு அவர்களே அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அந்தப் பாவாடையோடு போனால் லா பாஸ் நகரத்தில் சில ஓட்டல்களில் உள்ளே விடமாட்டார்கள், டாக்சிக்காரர் நிறுத்தமாட்டார். இன்று அதே உடையில் எல் ஆல்டோ நகரத்தில் மல்யுத்தம் செய்கிறார்கள், டிக்கெட் போட்டு ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். கோச்சபம்பா நகரத்தில் 2019-இல் சில இளம்பெண்கள் சேர்ந்து பொயெரா அணிந்து ஸ்கேட்போர்டு ஓட்டும் குழுவைத் தொடங்கினார்கள். மலையேறுகிறவர்களுக்கு அடிவார முகாமில் சமைத்துப் போட்டுக்கொண்டும் மூட்டை சுமந்துகொண்டும் இருந்த பெண்கள், நாமே ஏறிப் பார்த்தால் என்ன என்று 2015-இல் 6,088 மீட்டர் உயரமுள்ள வாய்னா பொட்டோசி மலையில் பாவாடையோடு ஏறினார்கள். 2019 ஜனவரியில் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் அக்கோன்காகுவா உச்சியையும் தொட்டுவிட்டார்கள். அது 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே அதைவிட உயர்ந்த மலை உலகத்தில் கிடையாது.

ஃபுட்பாலுக்கு வருவோம். பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் மலைக் கிராமங்களில், பெண்கள் அதே அகலப் பாவாடையோடு பந்து ஆடுகிறார்கள். காலில் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பு. பெரிய ஆட்டக்காரர்களே மூச்சு வாங்கும் உயரம் அது. 2007-இல் உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேலே சர்வதேச மேட்ச் கூடாது என்று தடையே போட்டது, லா பாஸ் மைதானம் 3,600 மீட்டரில் இருப்பதால் பொலிவியா சண்டைக்கு நின்றது, மறு வருடமே தடையை நிறுத்திவைத்தார்கள். எல் ஆல்டோ 4,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் நமக்கு இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். நம் தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட வராது. மூச்சு விஷயத்தில் நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.

அந்தப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் இரண்டு உண்டு. ஒன்று, உடை அகலமாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருக்கக் கூடாது. பொயெராவின் கொசுவம் கால் எவ்வளவு அகன்றாலும் விரிந்து கொடுக்கும், உள்ளே கால்சட்டை இருப்பதால் பாவாடை பறந்தாலும் கவலை இல்லை. இன்னொன்று, பாவாடையை விடாதவர்கள் தொப்பியை விட்டுவிடுகிறார்கள். மலையேறும்போது தலையில் ஹெல்மெட், காலில் பனியில் குத்தி நிற்கும் இரும்பு முள் மாட்டிய பூட்ஸ், இடுப்பில் கயிறு. உடை அவர்களுடையது, பாதுகாப்புச் சாமான் மலைக்கு உரியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லும் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

கட்டு

எந்தச் சேலை என்பதில்தான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுகிறார்கள். மேட்ச் என்றதும் பீரோவைத் திறந்து பளபளவென்று ஒன்றை எடுப்பார்கள். வேண்டாம். பாலியெஸ்டர், ஷிபான், ஜார்ஜெட் எல்லாம் வழுக்கும், சொருகினால் நிற்காது, வியர்வையில் காலோடு ஒட்டும். புதுப் பருத்திச் சேலை கஞ்சி விறைப்பில் முறுக்கிக்கொண்டு நிற்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலைதான் சரி. பழையது என்பதற்காக இற்றுப்போனதை எடுத்துவிடாதீர்கள். வருடக்கணக்காக மடித்து வைத்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் கிழியும், அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கையால் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், சரசரவென்று சத்தம் வந்தால் அது கரித்துணிக்குத்தான் லாயக்கு.

உள்பாவாடை கட்டாதீர்கள். கால் அகலாமல் தடுப்பது சேலை என்று நினைக்கிறோம், உண்மையில் தடுப்பது குறுகலாகத் தைத்த உள்பாவாடைதான். அதற்குப் பதில் முழங்காலுக்குக் கீழே வரும் டைட்ஸோ, மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் ட்ராக் பேண்டோ போடுங்கள். அதற்கு மேலே இடுப்பில் ஒரு துணிப் பட்டை கட்ட வேண்டும். பழைய சேலையின் கரையை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்தால் போதும், இரண்டு சுற்றுச் சுற்றிப் பக்கவாட்டில் முடிச்சு. சேலையைச் சொருகப்போவது இந்தப் பட்டையில்தான். எலாஸ்டிக்கில் சொருகினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

இனி சேலை. வழக்கம்போல வலது இடுப்பில் முனையைச் சொருகி ஒரு சுற்று வாருங்கள், ஆனால் விளிம்பு கணுக்காலில் இருக்கக் கூடாது, கெண்டைச்சதை வரை ஏற்றிவிட வேண்டும். முன்பக்கம் கொசுவம் வைக்கும்போது கஞ்சத்தனம் கூடாது. நிறைய மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். இந்தக் கொசுவத்துணிதான் பிறகு இரண்டு தொடைக்கும் இடம் கொடுக்கப்போகிறது. முந்தானைக்கு நீளம் குறைந்தால் குறையட்டும், அது தோளைத் தாண்டிக் கொஞ்சம் வந்தாலே போதும். கொசுவத்தைப் பட்டைக்குள் ஆழமாகச் சொருகிவிட்டுக் கால்களை அகட்டி நின்று, குனிந்து, முன்விளிம்பின் நடுப்பகுதியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்து, கால்களுக்கு இடையில் பின்னால் கொடுத்து, பின்பக்கம் கையைக் கொண்டுபோய் வாங்கி, மேலே இழுத்து, முதுகுத்தண்டுக்கு நேராகப் பட்டைக்குள் இரண்டு முறை மடித்துச் சொருகுங்கள். தார்ப்பாய்ச்சிக் கட்டுவது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வேட்டியில் ஆண்கள் கட்டுவதும் இதேதான், மடிசாரில் வரும் கச்சமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது, அதற்கு ஒன்பது கஜம் வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கட்டி முடித்ததும் மூன்று சோதனை. குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். ஒரு காலில் நின்றுகொண்டு மறு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு பலமாக ஒரு உதை. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் தாரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முன்பக்கம் துணி தொங்கினால் இன்னும் இழுக்க வேண்டும். முன்னால் தொங்கும் துணிதான் ஃபுட்பாலில் ஆபத்து. உதைக்கிற கால் அதில் மாட்டினால் முகம் தரையில்தான்.

தார் வேண்டாம், கூச்சமாக இருக்கிறது என்பவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நடவுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் தூக்கி இடுப்பில் சொருகுவோமே, அது போதும், கோல்கீப்பராக நிற்கலாம், பின்னால் நின்று தடுக்கலாம். ஓடிப்போய் கோல் அடிப்பதற்குத்தான் தார்.

முந்தானையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, முதுகைச் சுற்றி வலது இடுப்பில் இழுத்துச் சொருகிவிட்டு, மேலே ஒரு ஆம்பளைச் சட்டை. வயல் வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள், வெயிலும் சுணையும் படாமல் இருக்க வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வார்கள். ஆட்டத்துக்கு அதைவிட நல்ல ஜெர்சி கிடைக்காது: கையைத் தூக்கிப் பந்தை எறிந்தாலும் எதுவும் விலகாது, காற்று போகும், காசு செலவு கிடையாது. பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஊக்கு கூடவே கூடாது. மோதலில் திறந்துகொண்டு யார் மேலாவது கீறும். எங்கே ஊக்குக் குத்தத் தோன்றுகிறதோ அங்கே ஒரு முடிச்சு போடுங்கள், முடிச்சு போட முடியாத இடமென்றால் ஊசி நூல் எடுத்து நாலு தையல்.

நகை விஷயம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியது. கண்ணாடி வளையல், ஜிமிக்கி, கொண்டை ஊசி, மூன்றும் கழற்றியே ஆக வேண்டும், இதில் பேரம் கிடையாது. தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் மேட்ச் அங்கேயே முடிந்துவிடும். தாலிக்கொடியை ரவிக்கைக்கு உள்ளே தள்ளி, மேலே அகலப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டிவிட்டால் ஆடாது; தங்கக் கொடி போட்டிருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டால் அறுந்து தொலையுமோ என்ற பயமும் இல்லை. மெட்டிக்கும் அதே பிளாஸ்திரிதான், விரலோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள், உங்களுக்காக மட்டுமில்லை, வெறுங்காலோடு மோத வருகிறவளுக்காகவும். பூ வைத்துக்கொள்ளலாம், அதனால் யாருக்கும் அடிபடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோச்சபம்பாவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பெண்கள் தினசரி பொயெரா போடுகிறவர்கள் இல்லை, பாட்டிமார்கள் போட்டதை மரியாதைக்காக எடுத்துப் போடுகிறார்கள். நம் ஊரிலும் இருபது வயசுப் பெண்ணுக்கு சுடிதார்தான் உடம்போடு பழகியது. அவளைச் சேலைக்குள் திணிக்காதீர்கள். சேலை கட்டினால்தான் பண்பாடு என்று மைக்கில் பேச ஒருத்தர் கிளம்புவார், அவரை நாசூக்காக உட்கார வைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது, சேலையிலேயே வாழ்கிற நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கும் இடம் இருக்கும் ஒரு ஆட்டம். நைட்டியோடு வந்து நிற்பவளையும் திருப்பி அனுப்ப வேண்டாம், ஒரு பட்டையும் ட்ராக் பேண்டும் கொடுங்கள், நைட்டியை முட்டிக்கு மேலே சுருட்டிக் கட்டிக்கொள்ளட்டும்.

ஏன் கபடி வேண்டாம்

2022-இல் சத்தீஸ்கர் பெண்கள் சேலையோடு கபடி ஆடிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது, அருமையாக ஆடினார்கள். ஆனாலும் முதல் மேட்சுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. கபடி பிடித்து இழுக்கிற ஆட்டம். இடுப்பையும் தொடையையும் பிடிக்கப் போகும் கையில் முதலில் சிக்குவது துணிதான். ஒரே ஒருமுறை கட்டு அவிழ்ந்தால் அந்தப் பெண் வாழ்நாளில் மைதானத்துப் பக்கம் வரமாட்டாள், அவள் மாமியாரும் வரவிடமாட்டார். ஃபுட்பாலில் பந்து காலில், யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஃபுட்பாலில் "எனக்குத் தெரியும்" என்று நிற்கும் பெண்களும் குறைவு, எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குவதால் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

இடமும் காலமும்

அறுவடை முடிந்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். கிடக்காது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள், அறுத்த தாளுக்கு நடுவே பச்சையாக முளைவிட்டுக்கொண்டிருக்கும். அதில் பந்தைப் போட்டால் சண்டைதான். தெளிக்காத வயலாக இருந்தாலும் அரிவாள் வெட்டிய தாள் காலைக் குத்தும், மெஷின் இறங்கிய வயலில் டயர்த் தடம் காய்ந்து கல்லாகியிருக்கும், வெயில் ஏறினால் வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கணுக்கால் சிக்கும் அளவுக்கு இருக்கும்.

பள்ளிக்கூட மைதானம்தான் முதல் தேர்வு, காரணம் கழிப்பறை. ஹெட்மாஸ்டரிடம் மைதானத்துக்கு அனுமதி கேட்கும்போதே கழிப்பறைச் சாவியையும் கேட்டு வாங்குங்கள். மாதவிலக்கு நாளில் இருக்கிறவளும் நிம்மதியாக வந்து ஆடுவாள். அடுத்தது கோயில் திடல், அதற்கும் அடுத்தது நெல் அடிக்கும் களம், சிமெண்டுக் களம் என்றால் வேண்டாம், விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். கொள்ளிடம், குடமுருட்டி, அரசலாறு ஓரத்து ஊர்க்காரர்களுக்குக் கோடையில் ஆற்று மணல் இருக்கிறது. விழுந்தால் வலிக்காது, ஆனால் மணலில் ஓடுவது இரட்டை உழைப்பு. போகும் முன் பகலில் ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள், மணல் அள்ளிய குழிகள் மேலே மூடினாற்போல் இருந்து உள்வாங்கும்.

எப்போது? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் அதிலிருந்து குறுவை நாற்றங்கால், நடவு, களை, அப்புறம் சம்பா, தாளடி என்று தை வரை பெண்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பங்குனி, சித்திரையில் உளுந்து பறிப்பு. அது முடிந்து மேட்டூர் திறக்கும் வரை உள்ள இடைவெளிதான் பயிற்சிக்கு நல்ல காலம். வெயில் கொடுமை என்பது வாஸ்தவம், அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். மேட்சை மட்டும் காணும் பொங்கல் அன்று வைத்துக்கொள்ளலாம், பொங்கல், மாட்டுப் பொங்கல் இரண்டு நாளும் அடுப்படியில்தான் போகும் என்பது உங்களுக்கே தெரியும். எந்த நாளாக இருந்தாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். எழுதாத விதி இது, மதித்துவிட்டால் வீட்டில் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

உடம்பு

நடவுப் பெண்களுக்கு ஸ்டாமினா சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. சேற்றில் முட்டளவு காலை விட்டுப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் நடந்து பழகிய கால்கள். ஆனால் மாதக்கணக்கில் குனிந்தே இருந்த முதுகு, பின்னால் வளைய மறுக்கும். அதனால் முதல் வாரம் ஓட்டம் வேண்டாம். இடுப்பில் கைவைத்து மெதுவாகப் பின்னால் சாய்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, இவ்வளவுதான். அப்புறம் வட்டமாக நின்று பந்தை உள்ளங்காலின் பக்கவாட்டால் தள்ளிக்கொடுக்கப் பழகுங்கள். விரல் நுனியால் உதைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வெறுங்காலோடு அப்படி உதைத்தால் நகம் போய்விடும்.

பந்து வாங்கும்போது பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பரை வாங்காமல் நான்காம் நம்பர் வாங்குங்கள், கொஞ்சம் சிறியது, எடையும் குறைவு, வெறுங்காலுக்கு இதமாக இருக்கும். கேன்வாஸ் ஷூ இருப்பவர்கள் போடலாம், ஆனால் ஒரே மேட்சில் பாதி பேர் ஷூவும் பாதி பேர் வெறுங்காலுமாக ஆடக் கூடாது. ஒன்று எல்லோரும் ஷூ, அல்லது எல்லோரும் வெறுங்கால்.

மலையேறும் பெண்களுக்கு மூச்சுதான் எதிரி, நமக்குப் புழுக்கம். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. உயரத்துக்கு உடம்பு பழக நாள் ஆவதுபோலவே, வெயிலில் ஓடப் பழகுவதற்கும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் முதல் நாளே அரை மணி நேரம் ஓடவிடாதீர்கள். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லதே. யாராவது துவண்டுவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டிய அளவாகப் போட்டுக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குளறினால், வியர்வை நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், மோர் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

தனித்தனியாக வீடு வீடாகப் போனால் "எங்க வீட்டுல என்ன சொல்வாங்களோ" என்ற பதில்தான் வரும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். நிறைய குழுக்கள் ஒரே மாதிரிச் சேலை எடுத்து வைத்திருக்கும், ஒரு குழு அரக்கு, இன்னொன்று பச்சை என்று, டீம் கலர் தயாராகவே கிடைத்துவிடும் (அந்தச் சேலை வழுக்குகிற ரகமாக இருந்தால் சட்டைக் கலரை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்). மாமியாரிடம் அனுமதி கேட்பதைவிட மாமியாரையே கூப்பிடுவது சுலபம். "அத்தே, நீங்க கோலுக்கு நில்லுங்க, நடவுல உங்க கைவேகம் யாருக்கு வரும்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வரமாட்டேன் என்பார், ஆனால் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துகொண்டு கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பார்.

இன்னொன்று, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தெருவுக்கு ஒரு டீம் என்று மட்டும் பிரிக்காதீர்கள். ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று நிறுத்திவிட்டால் பந்து உருளும் முன்பே அது வேறு மேட்ச் ஆகிவிடும். எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் பிரியுங்கள். தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் எல்லோருக்கும் பொது. இதற்குச் சம்மதிக்காதவர்கள் வேடிக்கை பார்க்கட்டும். பாவாடையைப் பார்த்து ஓட்டல் கதவைச் சாத்தியவர்கள் லா பாஸில் மட்டுமா இருந்தார்கள்.

விதிகள்

பெரிய ஃபுட்பால் விதி எதுவும் தேவையில்லை, ஆஃப்சைடு பற்றி மூச்சே விடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கீப்பரோடு சேர்த்து. எட்டி வைத்து நடந்து அளந்தால் நீளம் நாற்பது எட்டு, அகலம் இருபத்தைந்து எட்டு, சுண்ணாம்பு அல்லது கோலமாவில் கோடு. கோலுக்கு நாலு எட்டு இடைவெளியில் இரண்டு சவுக்குக் கம்பு, பின்னால் பழைய மீன்வலை கிடைத்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் பந்து வாய்க்காலில் விழுவதை எடுத்துவர ஒரு பையனை நிறுத்துங்கள். பத்து நிமிடம், இடைவேளை ஐந்து நிமிடம், மறுபடி பத்து நிமிடம். மாற்று ஆட்டக்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

நமக்கென்று சேர்க்க வேண்டிய விதிகள் சில. யாருக்காவது கட்டு தளர்ந்தால் கையைத் தூக்க வேண்டும், உடனே விசில், ஆட்டம் நிற்கும், கோல் அடிக்கும் நேரமாக இருந்தாலும் நிற்கும். கோட்டுக்கு வெளியே நாலு கம்பு நட்டு, பழைய சேலையால் ஒரு மறைப்பு கட்டி வையுங்கள், அதற்குள் போய்க் கட்டிக்கொண்டு வரட்டும், அவள் வந்த பிறகுதான் பந்து. இந்த ஒரு விதி இருந்தால் போதும், தைரியமாக ஓடுவார்கள். சேலையையோ சட்டையையோ பிடித்து இழுத்தால் எதிர்த்தரப்புக்கு ஃப்ரீ கிக், இரண்டாவது முறை இழுத்தால் இரண்டு நிமிடம் வெளியே. தரையில் சறுக்கிப்போய்ப் பந்தைப் பறிப்பது முழுக்கத் தடை. நடுவராக பி.டி. டீச்சர் யாராவது கிடைத்தால் கூப்பிடுங்கள், ஆண் நடுவர் வேண்டாம், திறமைக் குறைவு என்பதற்காக இல்லை, கட்டு தளர்ந்ததை அவரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

செல்போன். இதுதான் உண்மையான தலைவலி. மைதானத்தைச் சுற்றி நிற்கும் பையன்கள் எல்லார் கையிலும் ஒன்று இருக்கும், ஒருத்தி தடுக்கி விழுந்தால் போதும், ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் ஊரே பார்த்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் தெளிவாக அறிவியுங்கள்: படம் எடுப்பது குழு சொல்லும் ஒரே ஒரு பெண், வேறு யாரும் எடுக்கக் கூடாது, எடுப்பது தெரிந்தால் ஆட்டம் நிற்கும். ஒருமுறை நிறுத்திக் காட்டுங்கள், கூட்டமே அந்தப் பையனை ஒருவழி பண்ணிவிடும். மைக் செட்காரரிடம் முன்கூட்டியே இன்னொன்றும் பேசிவிடுங்கள், "வாங்கம்மா வாங்க, விழுந்துடாதீங்க" வகைக் கிண்டல் கமெண்ட்ரி கூடாது. ஆண்கள் மேட்சுக்கு எப்படி ஆட்டக்காரர் பெயரைச் சொல்லிப் பேசுவாரோ அப்படித்தான் இதற்கும், "ராமசாமி வீட்டுக்காரம்மா" என்று சொல்லாமல் அவரவர் பெயர் சொல்லி. பெயர்ப் பட்டியலை எழுதி முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்.

பரிசைப் பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் பக்கெட், குங்குமச் சிமிழ் எல்லாம் வேண்டவே வேண்டாம், அதெல்லாம் மறுபடி அடுப்படிக்கே போய்ச் சேரும். ஸ்பான்சர் செய்கிறேன் என்று வரும் கடைக்காரரிடம் ஜெயித்த டீமுக்கு ஒரு பந்து, தோற்ற டீமுக்கு ஒரு பந்து, பொதுவில் ஒரு கைப்பம்பு, இரண்டு ஊசி வால்வு என்று கேளுங்கள். மேட்ச் முடிந்த கையோடு அந்தப் பந்துகள் யார் வீட்டில் இருக்கும், சாவி யாரிடம், வாரத்தில் எந்தச் சாயங்காலம் எடுப்பது என்று எல்லோர் முன்னாலும் பேசி முடித்துவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் பந்து பையன்கள் கைக்குப் போய்விடும், திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.